தூண்களில் எஞ்சிய கைகள்

சரித்திரம் படிக்கும் நம் மாணவர்கள் நூலையும் கல்வெட்டையும் சான்றென ஏற்பார்கள். படத்தையோ வெறும் அலங்காரமெனப் புரட்டிவிடுவார்கள். படமும் ஒரு சாட்சிதான். ஆனால் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய சாட்சி. இத்தாலி நாட்டு ரவென்னா நகரில் உள்ள ஓர் ஆலயத்தை எடுத்துக்கொள்வோம்.

புதிய புனித அப்போலினாரிஸ் ஆலயம் என இன்று வழங்கும் அதனைக் கட்டியவன், 493 முதல் 526 வரை ஆண்ட கோத்திய அரசன் தெயோதோரிக். அவனும் கிறீஸ்தவனே, ஆயினும், சுதன் பிதாவுக்குச் சமமானவர் அல்லர் என்ற ஆரியுஸின் போதனையைப் பின்பற்றியவன். சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் சித்திரங்கள் உட்சுவர்களை நிறைக்கின்றன. தென்சுவரில் ஓர் அரண்மனை. அரண்மனை என்றே இலத்தீனில் எழுதியும் இருக்கிறது. தூண்களுக்கிடையே வெண்திரைகள் தொங்குகின்றன. ஆட்கள் எவருமில்லை.

அவசரக்காரர், "அரண்மனை வெறுமையாய் இருந்தது" என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். சற்று நின்று தூண்களைப் பாருங்கள். ஒரு தூணின்மேல் ஒரு கை, வேறொன்றில் விரல்கள். கைக்குரிய உடலைக் காணோம்!

540இல் சக்கரவர்த்தி யுஸ்தீனியனின் படை ரவென்னாவைப் பிடித்தது. பின்னர், மேற்றிராணியார் அஞ்ஞெல்லுஸ் காலத்தில், ஆரியுஸ் சபையாரின் இவ்வாலயம் கத்தோலிக்கர் வசமாயிற்று. அரண்மனையில் நின்ற உருவங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அவ்விடங்களில் திரைகள் பதிக்கப்பட்டன. கைகளையும் எடுத்திருந்தால் தூண்களையே திருத்தவேண்டி வந்திருக்கும். ஆகவே விட்டுவிட்டார்கள் போலும்.

புதிதாய் வைத்ததும் சாட்சி சொல்கிறது. அதே சுவரில் 26 வேதசாட்சிகள் பவனி செல்கின்றனர். முன்னே நடப்பவர் புனித மார்ட்டீன். அவர் வேதசாட்சியல்லர், ஆரியுஸ் கொள்கையை எதிர்த்தவர். ஆலயமும் அப்போது அவர் பெயருக்கே மாற்றப்பட்டது. மேல்வரிசையில் ஆண்டவரின் வாழ்க்கைக் காட்சிகளை மட்டும் எவரும் தொடவில்லை. அவற்றில் இரு சாராருக்கும் வழக்கு இருக்கவில்லை.

அங்கு நின்றவர்கள் யார்? பெயர் எழுதப்படவில்லை. அரண்மனையாதலால் அரசனும் பரிவாரமும் என்று ஆய்வாளர் கொள்வர். அது ஊகம், நல்ல ஊகம். அழிப்பு நடந்ததோ ஊகமன்று.

அழித்தவர்கள் நம்மவர்கள். ஆரியுஸ் தவறினான் என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும் வென்றவர்கள் தோற்றவர்களின் முகத்தை எடுத்துவிட்டார்கள் என்பதையும் நம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். நம் நூல்கள் அதைச் சொல்லாவிட்டாலும் அந்தக் கைகள் சொல்லிவிடும்.

எதிர்ச் சுவரில் கிளாசே துறைமுகம் சித்திரிக்கப்பட்டிருக்கிறது. அதன் நகர மதிலிலும் சில இடங்களில் துண்டுகளின் நிறம் மாறுகிறது. உற்றுப் பார்த்தால் அம்மாற்றம் ஆள்வடிவாயிருப்பது தெரியும்.