வானிலை வரைபடம்: பென்சிலில் தொடங்குங்கள்

புத்தகத்தில் உள்ள வானிலை வரைபடத்தைக் காட்டி, "இதுதான் சம அழுத்தக் கோடு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் மாணவர் மனதில் எதுவும் தங்காது. கோட்டை அவர்களே போட வேண்டும்.

ஆளுக்கொரு தமிழ்நாட்டு வெளிவரைபடம் கொடுங்கள். பயிற்சிக்காக இந்த அழுத்த அளவுகளை ஊர்ப் புள்ளிகளருகே எழுதச் சொல்லுங்கள்: சென்னை 1002, வேலூர் 1004, கடலூர் 1005, நாகப்பட்டினம் 1008, திருச்சி 1008, பாம்பன் 1010. அலகு ஹெக்டோபாஸ்கல்; பழைய நூல்களில் வரும் மில்லிபாரும் இதே அளவுதான்.

இனி 1004, 1006, 1008 என்று கோடுகள் போடட்டும். 1008 எளிது, நாகையையும் திருச்சியையும் இணைத்தால் போதும். 1004 வேலூரைத் தொட்டுக் கரைக்கு வரும்போதுதான் சிக்கல். சென்னைக்கும் கடலூருக்கும் சரிபாதியில் பலர் இழுத்துவிடுவார்கள். அங்கே நிறுத்துங்கள். 1002க்கும் 1005க்கும் வித்தியாசம் மூன்று. 1004 அதில் இரண்டு பங்கு கடந்து கடலூர்ப் பக்கம் விழ வேண்டும். இந்தக் கணக்கு பிடிபடாமல் அடுத்ததற்குப் போகவே கூடாது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அழித்துவிட்டு மறுபடி போடட்டும். கோடுகள் நெருங்கிய இடத்தில் காற்று பலமாக வீசும்.

அடுத்து காற்றுக் குறி. ஊர் வட்டத்திலிருந்து நீளும் குச்சி, காற்று வரும் திசையில் நிற்கும். போகும் திசை என்றே பிள்ளைகள் முதலில் படிப்பார்கள். பல முறை கேட்டுத் திருத்துங்கள். குச்சியின் நுனியில் நீளக் கோடு 10 நாட், குட்டைக் கோடு 5, முக்கோணம் 50. ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ. காற்றழுத்தத் தாழ்வைச் சுற்றி வீசும் காற்று 34 நாட்டை எட்டினால் அது புயல்.

இப்போது உண்மையான புயல் ஒன்றுக்கு வாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நம் வட அரைக்கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழலும். மையம் கரையைத் தொடும் நேரத்தில் அதற்கு வடக்கே காற்று எங்கிருந்து வரும், தெற்கே எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். விரலால் சுழற்றிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்: வடக்கே கடலிலிருந்து, தெற்கே நிலத்திலிருந்து. கடல்நீர் எந்தப் பக்கம் ஊருக்குள் ஏறும் என்பதையும் அப்போது அவர்களே சொல்வார்கள். கடலோரத்தில் வாழும் பிள்ளைக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் காலை 8.30 மணி வரைபடங்களை மூன்று நாளுக்கு வரிசையாக வையுங்கள். தாழ்வின் மையங்களைப் புள்ளியிட்டு இணைத்து, நான்காம் நாள் மையம் எங்கிருக்கும் என்று ஒவ்வொருவரும் காரணத்தோடு எழுதட்டும். மறுநாள் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.