கத்திக்கு முன்னால் கை

அன்புள்ள குமரனுக்கு,

ஈறைக் கீறாமல் ஈறு நோயைத் தீர்க்க முடியுமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் முடியும். ஆனால் அதில் பாதி வேலை உன்னுடையது. 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லே என்ற ஆய்வாளர், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கியதும் தணிந்தது. பல்லில் படியும் கிருமிப் படலமே காரணம் என்பது அதில் தெளிவானது. ஆகவே ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தைத் துலக்காமல் விடாதே. மென்மையான பிரஷ்ஷால் ஈறோரத்தைத் துலக்கு. பல்லிடுக்குக்கென்றே விற்கும் சின்ன பிரஷ்ஷையும் வாங்கிக்கொள்.

உனக்கு நோய் ஈறோடு நிற்கவில்லை, எலும்பும் கரைந்திருக்கிறது என்கிறாய். கரைந்த எலும்பு துலக்கினால் திரும்பாது, கரைவதை நிறுத்தலாம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் ஆழமானால் பிரஷ் எட்டாது. உள்ளே பற்காரை கட்டிக்கொள்ளும். மருத்துவர் மரப்பு ஊசி போட்டு, வேர் வரைக்கும் அதைச் சுரண்டி எடுப்பார். உப்புத் தண்ணீரும் கிராம்பு எண்ணெயும் வலிக்கு ஆறுதல் தரலாம், கெட்டியான காரையைப் பெயர்க்காது. வெறும் மாத்திரையும் அப்படித்தான். கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று நம் வீடுகளில் சொல்வதை நம்பாதே. காரை அடைத்திருந்த இடமும் வீக்கம் மறைத்திருந்த இடமும் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். சில வாரம் பல் கூசும், பிறகு அடங்கும்.

ஒரேயடியாக ஆபரேஷன் செய்து முடித்துவிடலாமே என்று உனக்குத் தோன்றலாம். ஸ்வீடனில் லிண்டே என்ற ஆய்வாளரின் குழு 1982இல் அளந்து பார்த்தபோது, சுமார் 5.4 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான பள்ளங்களில்தான் கீறிச் சுத்தம் செய்வது கூடுதல் பலன் தந்தது. ஆழம் குறைந்த இடங்களில் கீறாததே மேல். அதைவிட முக்கியம் 1977இல் அங்கேயே கண்டது: ஆபரேஷனுக்குப் பின் வாயைச் சுத்தமாக வைக்காதவர்களுக்குப் பல்லின் பிடிமானம் மேலும் போனது. கத்தி வைத்தாலும் துலக்குவதிலிருந்து உனக்கு விடுதலை இல்லை.

எல்லோருக்கும் இப்படி முற்றுவதில்லை என்பதும் உண்மை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில், பல் துலக்கும் வழக்கமும் சிகிச்சையும் இல்லாத 480 தொழிலாளர்களை லே 1970 முதல் தொடர்ந்து பார்த்தார். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது. 81 சதவீதம் பேருக்கு நோய் மிதமான வேகத்தில் வளர்ந்தது. 8 சதவீதம் பேருக்கு வேகமாகப் பற்களைத் தின்றது. உனக்கோ ஏற்கெனவே எலும்பு கரைந்துவிட்டதால், தப்பித்த அந்தப் பதினொரு சதவீதத்தில் நீ இல்லை.

சிகரெட்டை விட்டுவிடு, ஈறு ஆறுவதை அது தடுக்கிறது. சர்க்கரையும் பார்த்துக்கொள். சுரண்டி மூன்று மாதம் கழித்துப் பள்ளங்களை மறுபடி அளக்கச் சொல். அப்போதும் 6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் ஏதாவது நின்றால், அந்த இடத்துக்கு மட்டும் ஆபரேஷன் பற்றி மருத்துவரிடம் பேசு.

அன்புடன்,
பெரியப்பா