பலாலியிலிருந்து சென்னைக்கு: தூரமும் காலமும்

யாழ்ப்பாணத்தவர்க்குச் சென்னை புதிய ஊரன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாய் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் எம்மவரே. அவர் காலந்தொட்டு, கல்வி கருதியும் வாணிகங் கருதியும் எம்மவர் அக்கரை சென்று மீண்டனர். எனினும், சென்னை எவ்வளவு தூரமென வினவினால் மைற்கணக்கைக் கூறுவார் சிலர். மணிக்கணக்கைக் கூறுவார் பலர். இவ்விரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதலில் தூரத்தை அளப்போம். பலாலி விமான நிலையம் வட அகலக்கோடு 9 பாகை 48 கலையிலும், சென்னை விமான நிலையம் 13 பாகையிலும் அமைந்துள்ளன. வேறுபாடு 3 பாகை 12 கலை. அஃதாவது 192 கலை. வடக்குத் தெற்காக ஒரு கலை ஒரு கடல்மைலாகும். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். ஆகவே தூரம் 192 கடல்மைல், அல்லது ஏறக்குறைய 356 கிலோமீற்றர். நெடுங்கோட்டு வேறுபாடு 6 கலையேயாதலின், சென்னை பலாலிக்கு நேர்வடக்கே உள்ளதெனக் கொள்ளலாம். பூமி துருவங்களிற் சற்றே தட்டையானது. அதனால் உண்மைத் தூரம் இரண்டு கிலோமீற்றரளவு குறையும்.

இம்முறையே பலாலிக்கும் இரத்மலானைக்குமுள்ள தூரத்தைக் கணித்தால் ஏறக்குறைய 330 கிலோமீற்றர் வரும். கொழும்பும் சென்னையும் எமக்குப் பெரும்பாலுஞ் சமதூரத்தில் இருக்கின்றன என்பதை எம்முட் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

இனிக் காலத்தை நோக்குவோம். 1947 டிசம்பர் 10 ஆந் திகதி எயர் சிலோனின் முதலாவது டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. மணிக்கு 270 கிலோமீற்றர் செல்லும் விமானத்துக்கு இத்தூரம் 1 மணி 19 நிமிடம். இக்காலத்து ஏ.ரி.ஆர். 72 விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர் செல்லும். கணக்கின்படி 43 நிமிடம் போதும். ஆயின், நேரசூசியோ ஒரு மணிக்கு மேலெனக் காட்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லலும், மேலேறலும், இறங்குமுன் வேகங் குறைத்தலும், காற்றின் எதிர்ப்பும் அந்நேரத்துள் அடங்கும்.

இவற்றினும் பெரிய காரணமொன்றுண்டு. பலாலிச் சேவை அற்றிருந்த பல்லாண்டுகளில், சென்னை செல்வார் முதலிற் கட்டுநாயக்காவுக்குத் தெற்கே 350 கிலோமீற்றருக்கு மேல் தரைவழி சென்றனர். பின்னர் ஏறக்குறைய 646 கிலோமீற்றர் வடக்கே பறந்தனர். வடக்கே போகவேண்டியவர் தெற்கே சென்ற தரைவழி மாத்திரமே சென்னைக்குள்ள நேர்த்தூரத்துக்கு நிகராயிற்று. 356 கிலோமீற்றர் ஆயிரமாயிற்று. நோயாளரும் முதியோரும் இவ்வலைச்சலைப் பொறுத்தனர்.

2019 நவம்பர் 11 இற் சேவை மீண்டும் ஆரம்பமாயிற்று. 2020 இற் கொள்ளைநோயால் நின்று, 2022 டிசம்பர் 12 இல் மறுபடியுந் தொடங்கிற்று. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் அந்த 192 கலைகளில் ஒன்றேனுங் கூடவுமில்லை, குறையவுமில்லை. தூரம் இயற்கை வகுத்தது. பயணகாலமோ பெரிதும் மாந்தரின் அமைதியையும் ஒழுங்கையும் பொறுத்தது.

மாணவர்கள் இவ்வாறே திருச்சிராப்பள்ளிக்குள்ள தூரத்தையுங் கணித்துப் பார்ப்பார்களாக. அங்கு நெடுங்கோட்டு வேறுபாடு பெரிதாதலின், பைதகரசின் தேற்றமுந் துணைக்கு வேண்டும்.