தேரும் உறுப்புகளும்: சிதறிய பாகங்களிலிருந்து ஒரு பழைய புல்லட்டை எழுப்பும் முறை

மிலிந்த மன்னனும் நாகசேனரும் உரையாடிய நூலை நம் அன்பர்கள் அறிவர். தேரேறி வந்ததாகக் கூறிய மன்னனை நோக்கி நாகசேனர், தேர் என்பது யாது என்று வினவினார். நுகம் தேரா? அச்சு தேரா? சக்கரங்கள் தேரா? ஒவ்வொன்றுக்கும் ‘அல்ல’ என்றே விடை வந்தது. உறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்பதை மன்னன் தன் வாயாலேயே கூற நேர்ந்தது.

அதே வினாவை இப்பாடத்தில் நம் காலத்துத் தேர் ஒன்றைப் பற்றிக் கேட்போம். தந்தையார் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிள் வீட்டின் பின்புறத்தில் கிடக்கிறது. சட்டம் உண்டு, சக்கரம் இல்லை; எஞ்சினின் பாதி சாக்கில் இருக்கிறது, மறு பாதி எங்கோ போயிற்று. கையிலுள்ள பணமோ சொற்பம். இதனை மீண்டும் ஓடச் செய்யலாகுமா? ஆகும். ஆயினும் பாகங்களை வாங்கிக் குவிப்பதே வண்டியைச் செய்வதாகும் என்று எண்ணுவோர் பணத்தை இழப்பர். சிலர் நற்பெயரையும் இழப்பர். பாகங்கள் எம்முறையில், எவ்வளவில் இயைகின்றன என்பதே வண்டி. இதனை நன்கு மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

1. எடுத்துக்காட்டாகக் கொள்ளும் வண்டி

நம் நாட்டில் இம்முயற்சிக்கு மிகவும் ஏற்றது பழைய 350 புல்லட் ஆகும். இங்கிலாந்தின் ரெடிச் நகரில் தோன்றிய ராயல் என்பீல்டு வண்டி, 1955ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரின் கூட்டுறவால் சென்னையில் பூட்டப்படலாயிற்று. பின்னர் அது திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் முழுமையாகவே உருவாயிற்று. பிறந்த நாட்டில் அவ்வண்டியின் உற்பத்தி 1970ஐ ஒட்டி நின்றுபோயிற்று. நம் நாட்டிலோ வார்ப்பிரும்பு சிலிண்டரும் தனிக் கியர்பெட்டியும் உடைய அப்பழைய அமைப்பு, சிறு மாறுதல்களுடன், 2010ஐ ஒட்டிய ஆண்டுகள்வரை வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே அமைப்பு நிலைத்தமையால், ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றுக்கு உதவும் வாய்ப்பு அதிகம்.

சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். கியர் நான்கு. எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லை; கிராங்க் கேஸின் உள்ளேயே ஓர் அறை உண்டு. ஒரு பம்பு எண்ணெயை அனுப்பும். மற்றொரு பம்பு அதனைத் திரும்பக் கொணரும். இயந்திரம் எளியது, பூட்டுவதற்கு அரிய கருவிகள் பல வேண்டா. ஆயினும் ஒத்த தோற்றம் ஒத்த அளவாகாது. முந்திய வண்டிகளின் மின்சாரம் 6 வோல்ட், பிந்தியவற்றுடையது 12 வோல்ட். பழைய போல்ட்டுகள் பல ஆங்கிலேய அங்குல மரையுடையவை. மில்லிமீட்டர் மரை போல்ட்டை அங்கே வலிந்து முடுக்கினால் கேஸின் மரையே அழியும். அழிந்த மரையைச் சரிசெய்யும் கூலி போல்ட்டின் விலையைப் போற் பன்மடங்காகும்.

2. முதலில் எண், பிறகே இரும்பு

நாகசேனரின் வினாவுக்கு நாட்டின் சட்டம் வேறொரு விடை கூறுகிறது. பதிவு அலுவலகத்தின் கண்ணில், சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றோடு ஒத்து நிற்பதே இன்ன வண்டி என்பதற்கு அடையாளம். எனவே ஒரு ரூபாயும் செலவிடுமுன் சட்டத்தின்மீதும் எஞ்சின்மீதும் வெட்டப்பட்ட எண்களை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் படிக்க வேண்டும். எழுத்துகள் கோணலாயிருப்பினும், அவ்விடம் அரத்தால் தேய்க்கப்பட்டோ பற்றவைக்கப்பட்டோ இருப்பினும் அதனைத் தொடாது விடுக.

பதிவுச் சான்று தொலைந்திருப்பின் காவல்துறையில் தெரிவித்து, 26ஆம் படிவத்தால் நகல் கோரலாம். தந்தையார் காலமாகியிருப்பின் வாரிசின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்தல் வேண்டும். வேறு எஞ்சின் பொருத்த நேரின் அலுவலகத்தின் அனுமதி பெற்று, புதிய எண்ணைச் சான்றில் பதியச் செய்க.

2021ஆம் ஆண்டின் மத்திய விதிகள், முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்கள் என ஏற்கின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம் என்றும் விதித்தன. அத்தகைய வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருத்தல் வேண்டும். சேஸிஸிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் கூடாது. அன்றாடப் போக்குவரத்துக்கும் அதனைப் பயன்படுத்தலாகாது. ஆகவே வேலைக்குச் சென்றுவர வண்டி தேடுவோர் இவ்வழியை நாடாது, உள்ள பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே தக்கது.

இன்னும் ஒன்று கூறுதல் கடமை. மலிவாகக் கிடைக்கிறதென்று சான்றில்லாத எஞ்சினை வாங்குவோன், மற்றொருவனது களவில் பங்கு கொள்ளக்கூடும். திருட்டுப் பொருளென நம்பக் காரணமிருந்தும் நேர்மையின்றி வாங்குவதைச் சட்டம் குற்றமாகக் கொள்கிறது. சட்டத்திற்கு அஞ்சுவது ஒருபுறமிருக்க, கொடாததைக் கொள்ளாதிருத்தல் நாம் ஏற்ற சீலமன்றோ? வசதி குறைந்தோன்மீது ஐயம் விரைவில் விழும் என்பதை நம் மக்கள் அனுபவத்தால் அறிவர். எனவே ஒவ்வொரு பாகத்துக்கும் விலைச்சீட்டு பெற்று ஒரு கோப்பில் வைத்துக்கொள்க.

3. சிறு பணத்தைப் பகிர்ந்து வைத்தல்

கையிருப்பை முதலிலேயே நான்கு கூறாக்குக. முதற்கூறு உயிர் காப்பவற்றுக்கு: டயர், டியூப், பிரேக் லைனிங், கேபிள், செயின். இவற்றைப் பழையனவாக வாங்கவே கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதலிரண்டும் வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். கடையிலேயே பல்லாண்டு கிடந்த டயரைப் புதியதென்று கொள்ளற்க. இரண்டாங்கூறு லேத் பட்டறைக் கூலிக்கு. மூன்றாங்கூறு எஞ்சின் பாகங்களுக்கு. நான்காங்கூற்றைத் தொடாது வைக்க. பிரித்துப் பார்த்த பின்னரே வெளிப்படும் குறைகள் எப்பொழுதும் உண்டு. வர்ணமும் நிக்கல் பூச்சும் இந்நான்கிலும் சேரா. அவை பின்னர் ஆகட்டும்.

சட்டம், மட்கார்டு, விளக்குக் கூடு, கருவிப்பெட்டி, சக்கரக் குடம், கியர்பெட்டியின் கூடு ஆகியவற்றைப் பழையனவாகவே வாங்கலாம். சென்னைப் புதுப்பேட்டை, பெங்களூர்ச் சிவாஜிநகர், மும்பைச் சோர் பஜார், கல்கத்தா முல்லிக் பஜார், தில்லி மாயாபுரி என இவற்றுக்குப் பெயர்பெற்ற இடங்கள் பல. அங்குச் செல்வோர் தேவைப்பட்டியலும் வெர்னியர் அளவுகோலும் கழற்றிய பழைய பாகமும் கையோடு கொண்டுசெல்க. பட்டியலில் இல்லாதது எத்துணை மலிவாயினும் வாங்கற்க.

பேரிங்குகளிலும் ஆயில் சீல்களிலும் பெரும் சேமிப்பு உண்டு. பேரிங்கின் விளிம்பில் ஓர் எண் இருக்கும். 6203 என்றிருப்பின் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். எவர் செய்தாலும் அளவு அதுவே. ஆதலின் அந்த எண்ணைச் சொல்லி, பேரிங் விற்கும் கடையிலேயே நல்ல தயாரிப்பாக வாங்கலாம். ஆயில் சீலுக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்னும் மூன்றளவே போதும்.

4. சட்டத்தை ஆராய்தல்

வளைந்த சட்டத்தின்மீது எத்துணை நல்ல எஞ்சினை வைத்தாலும் வீண். ஹேண்டில்பார் பொருந்தும் கழுத்துப் பகுதியே பெரிதும் விரிசல் காணும் இடம். அதனைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விடுக. பின் நன்றாகத் துடைத்துச் சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுக. விரிசல் இருப்பின் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்பொடியில் மெல்லிய கோடாகத் தோன்றும். சக்கரங்களைப் பூட்டியபின், பின்சக்கரத்தின் இருபுறமும் நூல் இழுத்து முன்சக்கரம் நேரே நிற்கிறதா என்று காண்க.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அத்தூசியை வாயால் ஊதாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க. பெட்ரோல் தொட்டியின் அருகே நெருப்பைக் கொணரவே வேண்டா. காலியான தொட்டியின் ஆவியே வெடிக்கும்.

5. எஞ்சின்: அளந்து செய்தல்

கிராங்க் கேஸின் இரு பாதிகளும் தொழிற்சாலையில் ஒன்றாக இணைத்துத் துளையிடப்பட்டவை. ஓர் எஞ்சினின் இடப்பாதியையும் வேறோர் எஞ்சினின் வலப்பாதியையும் சேர்த்தல் ஆகாது. தண்டு நேர்கோட்டில் நில்லாது. இணையாகவே வாங்குக.

கனெக்டிங் ராடை உச்சியில் நிறுத்தி மேலும் கீழும் இழுத்துப் பார்க்க. ஆட்டம் தெரிந்தால் அடிப்பகுதியில் உள்ள மிதவைப் புஷ் தேய்ந்துவிட்டது என்க. பக்கவாட்டில் சிறிது அசைதல் இயல்பே. அதைக் கண்டு அஞ்ச வேண்டா.

சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்றிடத்தில், ஒவ்வோரிடத்தும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க. மேல் ரிங் நின்று திரும்பும் இடத்திலேயே தேய்மானம் மிகும். மறுதுளையிட வேண்டின் முதலில் பெரிய பிஸ்டனை வாங்கி, அதனைப் பட்டறையில் கொடுத்து, அதன் அளவுக்கே துளையிடச் செய்க. துளையிட்டபின் பிஸ்டன் தேடுவோர் பலர் அளவு ஒவ்வாது இருமுறை கூலி கொடுத்துள்ளனர்.

புஷ் ராடுகளைச் சரிசெய்தல் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஆக வேண்டும். இரு வால்வுகளும் மூடியிருக்கையில் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருத்தலாகாது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்ட் முறையுள்ள வண்டியில், பிஸ்டன் உச்சியை எட்ட 0.8 மில்லிமீட்டர் இருக்கையில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்டுகளுக்கிடையே மெல்லிய சிகரெட் தாளை வைத்து இலேசாக இழுத்தால், திறக்கும் கணத்தில் தாள் நழுவி வரும்.

6. பூட்டிப் பார்த்துப் பின் வர்ணம்

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, பெயர் எழுதிய டப்பாவில் இடுக. பாகங்கள் சேர்ந்ததும் வர்ணமின்றியே முழு வண்டியையும் ஒருமுறை பூட்டுக. மட்கார்டு டயரில் உரசுவதும், எஞ்சின் பிளேட்டின் துளை ஒட்டாததும், செயின் நேரில் நில்லாததும் அப்போது தெரியவரும். வெட்டலும் பற்றவைத்தலும் முடிந்தபின் பிரித்து வர்ணம் பூசுக. இம்முறையைத் தலைகீழாக்கி, பளபளக்கும் சட்டத்தை முதலில் செய்து வைப்போர், பின்னர் அதனையே சுரண்டிப் பற்றவைக்க நேர்கிறது.

7. முதல் ஓட்டம்

எண்ணெய் நிரப்பி, டிகம்ப்ரசரை இழுத்துப் பிடித்துப் பலமுறை மிதிக்க. தலைப்பகுதிக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் எண்ணெய் வருவது தெரியும். அதைக் கண்ட பின்னரே எஞ்சினைத் தூண்டுக. இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலந்திருத்தலால் பழைய ரப்பர்க் குழாய்கள் விரைவில் கெடும்; அவற்றைப் புதியனவாக மாற்றுக. முதல் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, எண்ணெயை விரைவில் மாற்றுக.

ஓட்டுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் உள்ளன. இக்கால வண்டியிற் பழகிய கால், ஆபத்து வேளையில் பிரேக் என்றெண்ணிக் கியரை மிதிக்கும். வெற்று மைதானத்தில் பழகிய பின்னரே சாலைக்கு வருக.

முடிவுரை

வண்டி ஓடத் தொடங்கிய நாளில் பழைய வினாவை மீண்டும் கேட்போம். தந்தையார் ஓட்டிய வண்டி இதுதானா? பிஸ்டன் வேறு, சக்கரம் வேறு, கேபிள் வேறு. அதுவே என்றும் சொல்லவொண்ணாது; வேறு என்றும் சொல்லவொண்ணாது. ஆயினும் அளவறிந்து, முறையறிந்து, பிறர் பொருளுக்கு ஆசைப்படாது பொருத்திய ஒவ்வோர் உறுப்பும் தன் கடமையைச் செய்கிறது, வண்டி செல்கிறது. பின்னொரு நாள் அதுவும் தேயும். தேய்ந்ததை அறிந்து காலத்தில் மாற்றுவோனுக்கு அஃதொரு துன்பமாகாது.

பயிற்சி வினாக்கள்

1. பாகம் வாங்குமுன் எண்களை ஆராய்தல் ஏன் இன்றியமையாதது?
2. பழையனவாக வாங்கத் தகாத பாகங்கள் யாவை? காரணம் கூறுக.
3. பிஸ்டனை வாங்கிய பின்னரே சிலிண்டரைத் துளையிட வேண்டுவது ஏன்?
4. மண்ணெண்ணெயும் சுண்ணக்கட்டியும் கொண்டு விரிசல் காணும் முறையை விளக்குக.
5. நாகசேனர் கூறிய விடைக்கும், பதிவு அலுவலகம் கூறும் விடைக்கும் உள்ள வேற்றுமை யாது? இரண்டும் நமக்கு வேண்டுவன என்பதை நிறுவுக.