மானிட்டர் இருண்டுவிட்டதா? அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள்!

எல்.இ.டி. மானிட்டரில் படத்திற்குப் பின்னால் வெளிச்சம் தருபவை வெள்ளை எல்.இ.டி.க்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும். வரிசையாக 10 இணைத்தால் 30 வோல்ட். அடாப்டரிலிருந்து வரும் 12 அல்லது 19 வோல்ட்டை இந்த அளவுக்கு உயர்த்தித் தருவது டிரைவர் சிப்.

வரிசையில் ஓர் எல்.இ.டி. அறுந்தாலும் மொத்த வரிசையும் அணையும். இதைச் சிப் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வரிசையின் கடைசி முனையில் எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்று பார்க்கும். ஏறத்தாழ ஒன்றும் இல்லை என்றால் 'ஓப்பன்' என்று முடிவு கட்டும். ஆனால், சப்ளை வோல்ட்டேஜ் போதாவிட்டாலும் அங்கே ஒன்றும் மிஞ்சாது. நல்ல எல்.இ.டி.யும் பழுதானதாகவே தெரியும். எனவே இத்தகைய சிப்களுக்குப் புரோகிராம் எழுதும்போது, சப்ளை சரியாக இருந்தால் மட்டுமே 'ஓப்பன்' செய்தியை நான் நம்புவேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். இருண்ட திரையில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் வெளிச்சம்தான் பிரச்சினை. அடுத்து அடாப்டர். அதன் வோல்ட், மானிட்டரில் அச்சிட்ட அளவாகவே இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது. அதே வகை அடாப்டர் வேறு கிடைத்தால் மாற்றிப் பாருங்கள். அப்போதும் இருட்டு என்றால் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.