வீட்டில் பத்து நிமிட இசை

குத்தம்பாக்கம் போன்ற ஊர்களில் பிள்ளையைப் பாட்டு வகுப்புக்கு அனுப்ப எல்லாப் பெற்றோராலும் முடியாது. ஆனால் கைப்பேசி இருக்கிறதே! முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னையை அடுத்த மணலியில் தந்தையிடமே இசை பயின்றார். ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, அந்த மெட்டுகளில் நோட்டுஸ்வர சாகித்தியங்களை இயற்றினார். சங்கராபரணத்தைச் சார்ந்தவை, கமகம் குறைந்தவை. ஆகவே பிள்ளைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். வயலினில் கேட்டால் மொழியும் தடையாகாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே மெட்டை ஒரு வாரம் கேட்கவும், கேட்டபடியே நோட்டில் புள்ளிக்கோலம் போடவும் சொல்லலாம், பையன்களும்தான். திங்கட்கிழமை வகுப்பில் அதற்குத் தாளம் போட்டுக் காட்டட்டும். கூச்சப்படும் பிள்ளையைப் பாடச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். மதிப்பெண்ணும் வேண்டாம், போட்டால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும்.