சித்தூர் வெயிலில் படிகம் வளர்க்க

சித்தூர், திருப்பதிப் பக்கம் படிகம் வளர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டி. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் கரைசலைத் திறந்து வைத்தால் அடியில் தூள்தான் மிஞ்சும். பீக்கர் வாயை வடிதாளால் மூடி, நூலால் கட்டி, குண்டூசியால் சில துளைகள் மட்டும் போடுவேன். மார்கழி, தையில் இவ்வளவு பாடு இல்லை. நம் ஊர்ப் புளியின் டார்டாரிக் அமிலத்தோடு பொட்டாசியமும் சோடியமும் சேர்ந்த ரோஷெல் உப்பை அந்த மாதங்களில்தான் வளர்க்க வேண்டும். இயற்பியலாளர் வாலசெக் 1920 வாக்கில் அதில் கண்ட ஃபெர்ரோமின் குணம் (தானாகவே மின்முனைவு கொள்வது) 24 டிகிரிக்கு மேல் மறைந்துவிடும்.

இரண்டு உலோகங்கள் சேர்ந்த படிகத்தை வளர்த்துப் பழக, கால்சியம் தாமிர அசிடேட்டைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. இரண்டு அசிடேட்டுகளையும் தனித்தனியே கரைத்து, வடிகட்டிக் கலக்க வேண்டும். கால்சியம் உப்பைத் தாராளமாக எடுங்கள். குறைந்தால் தாமிர அசிடேட் தனியே பிரிந்துவிடும். கிடைப்பது ஆழ்ந்த நீலத்தில், சதுர முகப்புள்ள பட்டகம். உள்ளே தாமிரத்தைச் சதுரமாக நான்கு ஆக்சிஜன்களும், கால்சியத்தை எட்டு ஆக்சிஜன்களும் சூழ்ந்திருக்கும். இரண்டு உலோகங்களும் மாறி மாறிச் சங்கிலியாக ஓடும். கால்சியத்துக்கு 20 எலக்ட்ரான், தாமிரத்துக்கு 29. ஆகவே எது எங்கே என்பதை எக்ஸ்-கதிர் தெளிவாகக் காட்டிவிடும்.

சிக்கல் தாமிரமும் துத்தநாகமும் சேரும்போதுதான். 29-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாடு எக்ஸ்-கதிருக்கு ஏறக்குறையத் தெரியாது. ஒரே இடத்தில் இரண்டும் கலந்து உட்கார்ந்திருந்தாலும் படிக அமைப்புக் கணக்கு அழகாகவே முடியும். நிறத்தையும் நம்ப முடியாது, சிறிது தாமிரமே முழுப் படிகத்தையும் நீலமாக்கிவிடும். பிணைப்பு நீளங்களைப் பாருங்கள்: எண்முக அமைப்பில் தாமிரம் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு பிணைப்புகளை நீட்டிக்கொள்ளும், துத்தநாகம் அப்படிச் செய்யாது. அதோடு அதே படிகங்களைக் கரைத்து அணு உட்கவர் நிறமாலையில் உலோக விகிதத்தையும் அளக்க வேண்டும். இந்த அளவு இல்லாத படிக அமைப்பை நான் ஏற்பதில்லை.

எக்ஸ்-கதிர் ஆய்வுக்குக் கால் மில்லிமீட்டர் படிகம் போதும். முனைவாக்க நுண்ணோக்கியில் சுழற்றும்போது முழுதும் ஒரே நேரத்தில் இருள வேண்டும். பாதி மட்டும் இருண்டால் அது ஒட்டி வளர்ந்த இரட்டைப் படிகம், ஒதுக்குங்கள். நீர் கொண்ட படிகத்தைத் துடைத்து உலர்த்தாமல், வளர்ந்த கரைசலோடே எடுத்துச் செல்லுங்கள்.

திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் 1954 முதல் இருக்கிறது. ஐசரும் ஐஐடியும் 2015-இல் வந்தன. சித்தூர் மாணவர்களே, அங்குள்ள ஆய்வாளர்களைத் தேடிப் போகும்போது படிகத்தோடு உலோக விகித அளவையும் கையில் வைத்திருங்கள்.